கேபிள் நெட் ஸ்பீடு, எஃப்யூபி லிமிட்: எல்லாரும் கேக்கற கேள்விகளும் பதில்களும்

எங்க ஏரியால நெட் சம்பந்தமா யாருக்கு என்ன டவுட் வந்தாலும் கடைசில என்கிட்டதான் வந்து நிக்கும். நான் எந்த கம்பெனி ஆளும் இல்ல, கொஞ்ச நாள் ஒரு லோக்கல் ஆபரேட்டர்கூட லைன் வேலைக்குப் போயிருக்கேன், அப்புறம் தெரிஞ்சவங்க வீட்ல எல்லாம் ரூட்டர் மாட்டிக் குடுத்த பழக்கம், அவ்ளோதான். ஒரே பதிலை திரும்பத் திரும்ப வாய்ஸ் மெசேஜ்ல சொல்றதுக்கு ஒரு தடவை எழுதி வெச்சுடலாம்னு இது. கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். முதல்ல ஈசியானது, போகப் போக சிக்கலானது.

1. 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டேன், டவுன்லோட் பண்ணா 11, 12க்கு மேல ஏறவே மாட்டேங்குது, ஏமாத்துறாங்களா?

இல்ல, இது அளவு குழப்பம். பிளான்ல போட்டிருக்கறது மெகாபிட், உங்க டவுன்லோட் விண்டோ காட்டறது மெகாபைட். 8 பிட் சேந்தாதான் 1 பைட், அதனால 100ஐ 8ஆல வகுங்க, 12.5 வரும். 11, 12 வருதுன்னா உங்க லைன் நல்லாவே ஓடுது.

கீழ எல்லா இடத்துலயும் ஸ்பீடுன்னு சொன்னா பிட் கணக்கு, டேட்டா லிமிட்டுன்னு சொன்னா ஜிபி, அதாவது பைட் கணக்கு. இதை மனசுல வெச்சுக்கோங்க, 7வது கேள்வில வேணும்.

2. கேபிள் நெட்டும் ஃபைபரும் ஒண்ணா வேறயா? எங்க வீட்டுக்கு வர்றது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

வேற வேற. ஆனா நம்ம ஊர்ல எல்லாத்தையும் கேபிள் நெட்டுன்னுதான் சொல்றோம், ஏன்னா பாதி இடத்துல டிவிக்கு காசு வாங்க வர்ற அதே கேபிள்காரர்தான் நெட்டுக்கும் வர்றார். வீட்டுக்குள்ள வர்ற ஒயரைப் பாருங்க. டிவி ஒயர் மாதிரி தடியா, நடுவுல செப்புக் கம்பி, திருகி மாட்டற பின் இருந்தா அது கோ-ஆக்சியல், பக்கத்துல கேபிள் மோடம் இருக்கும். மெல்லிசா வந்து பச்சை இல்லன்னா நீலக் கலர் பின்ல முடிஞ்சா ஃபைபர், அது போய் மாட்டற பெட்டிக்கு ஓஎன்யூன்னு பேரு.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அதைத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க. மொட்டை மாடில ஒரு ஸ்விட்ச் வரைக்கும் ஃபைபர் வரும், அங்கேருந்து உங்க வீட்டுக்கு சாதா லேன் ஒயர். இதையும் ஃபைபர்னு சொல்லியேதான் விப்பாங்க. வேலை செய்யும், குறை சொல்ல மாட்டேன், ஆனா லேன் ஒயருக்கு 100 மீட்டர்தான் எல்லை, அதோட வெயில்லயும் மழைலயும் கிடந்தா பின் துருப்பிடிச்சு பிரச்னை பண்ணும். 14வது கேள்விய பாருங்க.

3. டிவி பாக்கற பழைய ஒயர்ல எப்படிங்க 100, 200 எல்லாம் வருது?

கோ-ஆக்சியல் ஒயர்ல நிறைய டிவி சேனல் ஒவ்வொண்ணும் ஒரு ஃப்ரீக்வென்சில வருதுல்ல, அதுல சில சேனல் இடத்தை டிவிக்குக் குடுக்காம நெட்டுக்குன்னு ஒதுக்கிடுவாங்க. இதுக்கான ஸ்டாண்டர்ட் பேரு டாக்சிஸ், அமெரிக்கால கேபிள்லேப்ஸ்னு ஒரு அமைப்பு 1997ல கொண்டு வந்தது. 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருக்கற ஒரு சேனல்ல சுமாரா 50 எம்பிபிஎஸ் போகும். 2006ல வந்த டாக்சிஸ் 3.0தான் ஆட்டத்தையே மாத்திச்சு, பல சேனலை ஒண்ணா கட்டி ஒரே குழாயா யூஸ் பண்ணலாம்னு ஆச்சு, 8 சேனல் கட்டினா 400. 2013ல வந்த 3.1 பேப்பர்ல 10 ஜிபிபிஎஸ் வரைக்கும் போகும்.

ஆனா அந்த 400 உங்களுக்கு மட்டும் இல்ல, உங்க நோடுல, அதாவது உங்க ஏரியாவுக்கு சிக்னல் பிரிச்சு விடற பெட்டில, தொங்கற எல்லா வீட்டுக்கும் சேத்து. ஃபைபர்லயும் இதே கதைதான். நம்ம ஊர்ல அதிகமா இருக்கற ஜிபான்ங்கற ஃபைபர் முறைல கீழ வர்றது சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேல போறது 1.25, அதை ஸ்ப்ளிட்டர் போட்டு 32, சில இடத்துல 64 வீட்டுக்குப் பிரிப்பாங்க. தனி லைன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு கேட்டுக்கோங்க.

4. அப்போ ஸ்பீடை எங்க உக்காந்து கட் பண்றாங்க? லைன்மேன் வந்து ஏதாவது திருகறாரா?

லைன்மேனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, எல்லாம் சாஃப்ட்வேர். கேபிள் மோடம்னா, ஆன் ஆகும்போதே ஆபரேட்டரோட சர்வர்லேர்ந்து ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைலை இறக்கிக்கும், உங்க பிளானுக்கு டவுன்லோட் எவ்ளோ அப்லோட் எவ்ளோன்னு அதுலதான் எழுதியிருக்கும். ஃபைபர் இல்ல லேன் கனெக்ஷன்ல பெரும்பாலும் யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு லாகின் ஆகற முறை, ஆபரேட்டர் ஆபீஸ்ல ரேடியஸ்னு ஒரு சர்வர் இருக்கும், அது "இவருக்கு 100 குடு"ன்னு சொல்லும், அங்க இருக்கற பெரிய ரூட்டர் அதுக்கு மேல விடாது.

அதனால ஒரே ஒயர், ஒரே பெட்டி, பக்கத்து வீட்ல 300 உங்க வீட்ல 40ன்னு ஓடலாம். பிளான் மாத்தினா ஆளே வராம ரெண்டு நிமிஷத்துல ஸ்பீடு ஏறுறதும் இதனாலதான். எஃப்யூபி (மாச டேட்டா லிமிட், 7ல விவரமா இருக்கு) முடிஞ்சா சட்டுனு இறங்குறதும் இதே சர்வர் வேலைதான்.

5. மோடத்துல ஏதோ பண்ணி லிமிட்டை எடுத்துடலாம்னு பையன் சொல்றான், நிஜமா?

ஒரு காலத்துல நிஜம். 2000களோட ஆரம்பத்துல அமெரிக்கால பசங்க மேல சொன்ன அந்த கான்ஃபிக் ஃபைலையே மாத்தி வேற ஃபைலை மோடத்துக்குக் குடுத்து ஏமாத்துனாங்க, அதுக்கு அன்கேப்பிங்னு பேரு, சில பேர் கேஸ் வாங்கி ஜெயிலுக்கும் போனாங்க. இப்போ ஃபைல்ல ஆபரேட்டரோட ரகசிய முத்திரை இருக்கும், அந்தப் பக்கம் செக் பண்ணாம உள்ள விடாது. ரேடியஸ் முறைல உங்க வீட்ல மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல, கட் பண்றது அவங்க ஆபீஸ்ல. யூடியூப்ல "சீக்ரெட் செட்டிங்"னு வர்ற வீடியோ எல்லாம் டைம் வேஸ்ட்.

6. டவுன்லோட் 100 இருக்கு, அப்லோட் மட்டும் ஏன் 10, 20னு பிச்சை போடறாங்க?

கோ-ஆக்சியல்ல நிஜமாவே இடம் இல்ல. வீட்லேர்ந்து திரும்பிப் போற சிக்னலுக்கு 5லேர்ந்து 65 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு சின்ன துண்டுதான் ஒதுக்கீடு, அமெரிக்கால இன்னும் மோசம், ரொம்ப நாள் 42 வரைக்கும்தான். அதுலயும் அந்த அடிமட்ட ஃப்ரீக்வென்சிலதான் மிக்சி, மோட்டார், லூஸ் கனெக்ஷன்னு எல்லா வீட்டு இரைச்சலும் வந்து சேரும்.

ஃபைபர்ல அந்த சாக்கு ஓடாது. மேல சொன்ன ஜிபான் கணக்குல அப்லோடுக்கு பாதி இடம் இருக்கு, அதனால ஃபைபர் பிளான்ல அப்லோட் ரொம்ப கம்மின்னா அது பிளானை அப்படி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், லைன்ல முடியாதுன்னு இல்ல. வீட்லேர்ந்து வேலை பாக்கறவங்க, வீடியோ ஏத்தறவங்க கனெக்ஷன் எடுக்கும்போது முதல்ல கேக்க வேண்டிய கேள்வியே "அப்லோட் எவ்ளோ?"

7. "அன்லிமிடெட்"னு போர்டு வெச்சுட்டு அப்புறம் என்னங்க எஃப்யூபி?

எஃப்யூபின்னா நியாயமா யூஸ் பண்ணுங்கன்னு ஒரு கண்டிஷன். இவ்ளோ ஜிபி வரைக்கும் முழு ஸ்பீடு, அதுக்கப்புறம் கனெக்ஷன் கட் ஆகாது, காசும் ஏறாது, ஆனா ஸ்பீடு 1, 2ன்னு இறங்கிடும். நெட் நிக்காததால அன்லிமிடெட்னு சொல்லிக்கறாங்க. இந்த வார்த்தை விளையாட்டு எனக்குப் பிடிக்கல, ஆனா பில்லுல ஆச்சரியம் வராதுங்கற ஒரு நல்லது இதுல இருக்கறதையும் சொல்லணும், பழைய பிளான்ல லிமிட் தாண்டினா ஒவ்வொரு எம்பிக்கும் காசு போட்டதெல்லாம் ஞாபகம் இருக்கறவங்களுக்குத் தெரியும்.

இப்போ கணக்கைப் பாருங்க, இதுதான் இந்தப் பக்கத்துலயே முக்கியமான விஷயம். 2019 செப்டம்பர்ல ஜியோஃபைபர் வந்தப்போ 699 ரூபா பிளான்ல 100 எம்பிபிஎஸ் ஸ்பீடு, 100 ஜிபி லிமிட், கூட 50 ஜிபி போனஸ். 150 ஜிபியை 100 ஸ்பீடுல இறக்கினா 3 மணி 20 நிமிஷத்துல காலி. மாசத்துக்கு மூணு மணி நேரத்துக்குத்தான் அந்த 100, மிச்ச நாள் எல்லாம் 1! 2020ல போட்டி சூடாகி ஜியோ, ஏர்டெல் ரெண்டு பேரும் 3300 ஜிபிக்குப் போனாங்க, பிஎஸ்என்எல் ஃபைபர் பிளான்கள்லயும் 3300 வந்துச்சு. இன்னிக்கு பல பிளான்ல சின்ன எழுத்துல இருக்கறது இதே நம்பர்தான்.

3300 ஜிபி பெருசா தெரியும், பெருசுதான். ஆனா 30 நாளைக்கு சமமா பிரிச்சா சராசரி 10.2 எம்பிபிஎஸ். 100 பிளான்ல முழு வேகத்துல ஓட விட்டா 73 மணி நேரத்துல தீரும், 300 பிளான்ல ஒரே நாள், 1 ஜிபிபிஎஸ் பிளான்ல 7 மணி 20 நிமிஷம். பாத்தீங்களா, லிமிட்டை ஏத்தாம ஸ்பீடை மட்டும் ஏத்தினா அவங்களுக்கு பெருசா செலவு இல்ல, மாசம் முடிவுல நீங்க இறக்கறது அதே 3300தான். நீங்க வாங்கறதுல ஸ்பீடுன்னு ஒண்ணு, அளவுன்னு ஒண்ணு, ரெண்டு இருக்கு. விளம்பரத்துல பெரிய எழுத்துல வர்றது முதல் ஒண்ணு மட்டும்தான்.

8. சரி, 3300ஐ ஒரு வீட்ல முடிக்க முடியுமா என்ன?

படம் பாத்து மட்டும் கஷ்டம். நெட்ஃபிளிக்ஸ் அவங்களே சொல்ற கணக்கு, எச்டி மணிக்கு 3 ஜிபி வரைக்கும், 4கே மணிக்கு 7 ஜிபி வரைக்கும். தினம் 15 மணி நேரத்துக்கு மேல 4கே ஓடினாத்தான் 3300 தொடும். நாலு பேர் இருக்கற வீட்ல ஆளுக்கு ஒரு ஸ்க்ரீன்ல தினம் சாயந்திரம் நாலு மணி நேரம் எச்டில பாத்தாலும் 1440 ஜிபிதான், பாதி கூட ஆகாது.

முடிக்கறவங்க வேற. கேம்ரா வெச்சு கிளவுடுக்கு ஏத்தறவங்க, வீட்டு சர்வர் வெச்சிருக்கறவங்க, ஒரு கனெக்ஷனை வாங்கி மாடில இருக்கற பிஜி பசங்க பத்து பேருக்குப் பிரிச்சுக் குடுக்கறவங்க. கடைசி ஆளுக்குத்தான் முதல்ல கம்பெனிலேர்ந்து போன் வரும், ஏன்னா வீட்டுக் கனெக்ஷனை அப்படி பிரிச்சு விக்கறது பிளான் கண்டிஷனுக்கே விரோதம்.

9. நாங்க நெட்டே யூஸ் பண்ணல சார், ஆனா 20ஆம் தேதியே லிமிட் முடிஞ்சுபோச்சு, எப்படி?

முதல்ல சிசிடிவி இருக்கான்னு பாருங்க. பெரும்பாலான பிளான்ல அப்லோடும் கணக்குல சேரும், இது நிறைய பேருக்குத் தெரியாது. ஒரு கேம்ரா 2 எம்பிபிஎஸ்ல ராத்திரி பகலா கிளவுடுக்கு ஏத்தினா மாசத்துக்கு 648 ஜிபி, நாலு கேம்ரான்னா 2600 ஜிபிக்குக் கொஞ்சம்தான் கம்மி. நீங்க ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டி வெச்சிருந்தாலும் அது ஓடிக்கிட்டே இருக்கும். அசைவு இருந்தா மட்டும் ரெக்கார்ட் பண்ற மாதிரி மாத்துங்க, இல்லன்னா உள்ளயே மெமரி கார்டுல சேமிக்க விடுங்க.

அடுத்து கேம் அப்டேட், ஒண்ணே 50, 100 ஜிபி இருக்கும். அப்புறம் போன் எல்லாம் போட்டோ பேக்கப். இதெல்லாம் இல்லன்னா வைஃபை பாஸ்வேர்டை மாத்திப் பாருங்க, போன் நம்பரையே பாஸ்வேர்டா வெச்சிருக்கற வீடுதான் அதிகம். மாத்தின அன்னிக்கே கீழ் வீட்லேர்ந்து "உங்க நெட் வரலையா?"ன்னு விசாரிச்சா புரிஞ்சுடும்.

10. லிமிட் முடிஞ்சா எவ்ளோ ஸ்பீடு குடுக்கணும்னு ஏதாவது ரூல் இருக்கா, இல்ல அவங்க இஷ்டமா?

இருக்கு. நம்ம நாட்டு டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபர் 31ல போட்ட உத்தரவுல, வீட்டு பிராட்பேண்ட்ல எஃப்யூபி முடிஞ்ச பிறகும் 512 கேபிபிஎஸுக்குக் கீழ இறக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, அதுக்கு முன்னாடி எல்லாம் 64, 128ன்னு இறக்கி மெயில் கூட திறக்காது. லிமிட் எவ்ளோ, முடிஞ்சா ஸ்பீடு எவ்ளோன்னு விளம்பரத்துலயும் வெப்சைட்லயும் தெளிவா சொல்லணும், 50, 90, 100 சதவீதம் ஆகும்போது எஸ்எம்எஸ் இல்ல மெயில்ல அலர்ட் வரணும்னும் அதுல இருக்கு. அலர்ட்டே வரலன்னா உங்க பழைய நம்பர்தான் அங்க பதிவாயிருக்கான்னு முதல்ல பாருங்க.

பிராட்பேண்ட்னு எதைச் சொல்லலாம்ங்கற வரையறையும் மாறிக்கிட்டே வந்திருக்கு. 2004 பாலிசில 256 கேபிபிஎஸ், 2013ல 512, 2023 ஜனவரில 2 எம்பிபிஎஸ். அந்த 256ஐ வெச்சுக்கிட்டு நாம பாட்டு இறக்கின காலத்தை இப்ப பசங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க.

11. டாப்-அப் போட்டு காசும் போயிடுச்சு, ஸ்பீடு ஏறல.

ரூட்டரை ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு ஆன் பண்ணுங்க. 4ல சொன்ன ரேடியஸ் பழைய லாகினுக்கு பழைய ஸ்பீடையே வெச்சிருக்கும், புதுசா லாகின் ஆனாத்தான் சில ஆபரேட்டர்கிட்ட புது ஸ்பீடு ஏறும். பத்துல எட்டு பேருக்கு இதுலயே சரியாயிடும்.

12. காலைல பறக்குது, ராத்திரி 8 மணி ஆனா படுத்துடுது. லிமிட்டும் முடியல, அப்புறம் ஏன்?

இதுக்குக் காரணம் எஃப்யூபி இல்ல, பங்கு. கல்யாண மண்டபத்துல 500 பேருக்கு பத்திரிகை வெச்சுட்டு பந்திக்கு 100 இலைதான் போடுவாங்க, எல்லாரும் ஒரே பந்தில உக்காரமாட்டாங்கங்கற நம்பிக்கைல. நெட்டும் அப்படித்தான், ஆபரேட்டர் மொத்தமா வாங்கற பேண்ட்வித்தை பல பேருக்கு வித்திருப்பார். இது தப்பு இல்ல, இப்படி பண்ணலன்னா நமக்கு 500 ரூபாய்க்கு கிடைக்கவே கிடைக்காது. டிராயே 2009ல வீட்டுக் கனெக்ஷனுக்கு 1:50 வரைக்கும், அதாவது ஒருத்தருக்கான பேண்ட்வித்தை 50 பேருக்குப் பிரிக்கற வரைக்கும், போகலாம்னு வழிகாட்டி வெச்சிருக்கு. ஆனா 1:50ஐத் தாண்டி ஆள் சேத்துக்கிட்டே போய் மேல லைன் வாங்காத ஆபரேட்டர்கிட்ட ராத்திரி 8லேர்ந்து 11 வரைக்கும் எல்லாரும் ஐபிஎல் போட்டா நாறிடும்.

இங்கதான் எனக்கு எஃப்யூபி மேல உள்ள பெரிய குறை. நெரிசல் நேரத்தைப் பொறுத்தது, மாச மொத்தத்தைப் பொறுத்தது இல்ல. விடியக்காலை 3 மணிக்கு 500 ஜிபி இறக்கறவரால யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல, ஆனா மாசக் கடைசில அவர்தான் லிமிட்ல மாட்டறார். ராத்திரி 9 மணிக்கு மட்டும் பாக்கற ஐம்பது பேர் சேந்து லைனை அடைக்கறாங்க, அவங்க யாரும் லிமிட் பக்கமே போக மாட்டாங்க. பிஎஸ்என்எல் டேட்டாஒன் காலத்துல சில பிளான்ல ராத்திரி 2 மணிலேர்ந்து காலை 8 வரைக்கும் கணக்குல வராதுன்னு வெச்சிருந்தாங்க, அலாரம் வெச்சு எழுந்து டவுன்லோட் போட்டவங்களுக்குத் தெரியும், டெக்னிக்கலா பாத்தா அதுதான் நேர்மையான லிமிட்.

உங்க பிரச்னை இதுதானான்னு உறுதி பண்ண, ரூட்டர்லேர்ந்து லேன் ஒயர்ல லேப்டாப்பை மாட்டி காலைல 7க்கும் ராத்திரி 9க்கும் நாலஞ்சு நாள் டெஸ்ட் எடுத்து ஸ்க்ரீன்ஷாட் வெச்சுக்கோங்க. 19ல உதவும்.

13. ஸ்பீடு டெஸ்ட்ல 100 முழுசா காட்டுது, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு.

நீங்க டெஸ்ட் பண்ற சர்வர் பல நேரம் உங்க ஆபரேட்டர் நெட்வொர்க்குக்குள்ளயே இருக்கும், ஆப் பக்கத்துல இருக்கறதைத்தான் தானா எடுத்துக்கும். அது வீட்லேர்ந்து ஆபரேட்டர் ஆபீஸ் வரைக்கும் ரோடு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுது. அதுக்கு வெளிய போற லைன் நிரம்பியிருந்தா டெஸ்ட்ல தெரியாது. சர்வரை கைல மாத்தி மும்பை, சிங்கப்பூர்னு வெச்சுப் பாருங்க. நெட்ஃபிளிக்ஸ் நடத்தற ஃபாஸ்ட் டாட் காம்லயும் பாருங்க, அது நெட்ஃபிளிக்ஸோட சொந்த சர்வர்லேர்ந்தே இறக்கிப் பாக்கும், அதனால வீடியோ எப்படி ஓடும்ங்கறதுக்கு நல்ல சாட்சி.

உல்டாவாவும் நடக்கும், யூடியூப் சூப்பரா ஓடும், ஒரு சின்ன வெப்சைட் திறக்காது. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பெரிய ஆபரேட்டர்கிட்ட வீடியோ காப்பி சேத்து வெக்கற தங்களோட கேஷ் (cache) பெட்டியையே வெச்சிருக்கும், வெளிய போகவே வேணாம்.

14. 200 பிளானுக்கு மாறினேன், கரெக்டா 94ல நிக்குது, 95 கூட வரல.

94னு சொன்னாலே எனக்கு சந்தோஷம், ஏன்னா பதில் நிச்சயம். வழில எங்கயோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கு, அதுல டேட்டாவோட சேந்து போற முகவரி மாதிரி தகவல் (ஓவர்ஹெட்) போக கிடைக்கறது சுமார் 94தான். பழைய ரூட்டரா இருக்கலாம், மொட்டை மாடி ஸ்விட்சா இருக்கலாம். இல்லன்னா லேன் ஒயர்ல இருக்கற நாலு ஜோடில ஒண்ணு அறுந்திருக்கும், கிகாபிட்டுக்கு நாலும் வேணும், ரெண்டு மட்டும் சரியா இருந்தா சத்தமில்லாம 100க்கு இறங்கிடும். பின்னை வெட்டி புதுசா கிரிம்ப் பண்ணச் சொல்லுங்க. கம்பெனி மேல சண்டைக்குப் போகாதீங்க, பிளானை மாத்தி விட்டாச்சுன்னு அவங்க சொல்றது உண்மைதான்.

15. ஹால்ல 100, பெட்ரூம்ல வைஃபைல 30தான்.

இது நெட் இல்ல, வைஃபை. போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல இருக்கா 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கான்னு பாருங்க. 2.4ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணுதான், 1, 6, 11, அடுக்குமாடில இருபது ரூட்டர் அதுலயே அடிச்சுக்கும். 5 வேகமா போகும் ஆனா நம்ம ஊரு செங்கல் சுவரைத் தாண்ட திணறும். பெரிய பிளானுக்கு மாறறதுக்கு பதிலா ஒரு லேன் ஒயரை இழுத்து உள்ள இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை குடுக்கற பெட்டி, வைங்க.

16. டாரண்ட்டை மட்டும் வேணும்னே ஸ்லோ பண்றாங்களா?

உலகத்துல நடந்திருக்கு. அமெரிக்காவோட பெரிய கேபிள் கம்பெனி காம்காஸ்ட் 2007ல பிட்டாரண்ட் அப்லோடுக்கு நடுவுல கனெக்ஷனை முடிச்சுக்கோன்னு சொல்ற போலி ரீசெட் பாக்கெட் அனுப்பி கனெக்ஷனை உடைச்சது வெளிய வந்துச்சு. அங்க டெலிகாம் ஆணையமான எஃப்சிசி 2008 ஆகஸ்ட்ல அது தப்புன்னு உத்தரவு போட்டுச்சு, ஆனா உனக்கு அந்த அதிகாரம் இல்லன்னு 2010 ஏப்ரல்ல கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு.

நம்ம நாட்டுல 2018 ஜூலைல டெலிகாம் துறை நெட் நியூட்ராலிட்டிய ஏத்துக்கிச்சு, குறிப்பிட்ட ஆப்பையோ சைட்டையோ ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்கு ஸ்லோ பண்ணக் கூடாது. கோர்ட் உத்தரவுல சைட்டை பிளாக் பண்றது வேற கதை. டாரண்ட் ஸ்லோவா இருக்க சாதாரண காரணம் சிஜிநாட். பல வீட்டுக்கு சேத்து ஒரே ஒரு வெளி ஐபிதான் குடுத்திருப்பாங்க, வெளியேருந்து யாரும் உங்க கம்ப்யூட்டருக்கு நேரா கனெக்ட் ஆக முடியாது. உங்க ரூட்டர்ல வேன் (WAN, வெளிப்பக்க லைன்) ஐபி 100.64லேர்ந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா சிஜிநாட்தான். வீட்டு கேம்ரா டிவிஆரை வெளியேருந்து நேரா திறக்க முடியாததுக்கும் இதேதான் காரணம், உங்களுக்குன்னு மாறாத ஸ்டாட்டிக் ஐபி தனியா காசு குடுத்து வாங்கணும்.

17. என் பொண்ணு அமெரிக்கால இருக்கா, அங்கயும் லிமிட் இருக்குங்கறா. அங்க எல்லாம் ஃப்ரீயா ஓடும்னு நெனச்சேனே?

அங்கயும் லிமிட் இருந்திருக்கு. மேல சொன்ன அதே காம்காஸ்ட் 2008 அக்டோபர்ல மாசம் 250 ஜிபின்னு வெச்சாங்க, 2012ல அதை எடுத்துட்டு சில ஊர்ல 300ன்னு பரிசோதனை, 2016ல 1 டிபி, 2020ல 1.2 டிபி. 2025ல புது பிளான்களுக்கு லிமிட்டை எடுக்கற வரைக்கும் ஸ்பீடைக் குறைக்கல, அதுக்கு பதிலா தாண்டின ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர், அதிகபட்சம் 100 டாலர் வரைக்கும் போட்டாங்க. நம்ம எஃப்யூபியே தேவலைன்னு தோணும்.

2020 மார்ச்ல கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள்ள முடங்கினப்போ அந்த லிமிட்டை ஜூன் கடைசி வரைக்கும் எடுத்துட்டாங்க. வரலாறு காணாத டிராஃபிக், லிமிட்டும் இல்ல, ஆனா நெட்வொர்க் ஒண்ணும் படுக்கல. 12ல நான் சொன்னதுக்கு இதைவிட பெரிய ஆதாரம் தேவையா?

18. 300லேர்ந்து 1 ஜிபிபிஎஸுக்கு மாறலாமா?

பெரிய ஃபைல் தினம் ஏத்தி இறக்கற வேலையா இருந்தா சரி. இல்லன்னா வேணாம். 4கே வீடியோவுக்கு 25 எம்பிபிஎஸ் போதும், பெரும்பாலான போன்ல வைஃபைல அந்த 1000 வரவும் வராது. எப்படியும் எடுக்கறீங்கன்னா மூணு கேளுங்க: லிமிட் எவ்ளோ, லிமிட் முடிஞ்சா ஸ்பீடு எவ்ளோ, அப்லோட் எவ்ளோ. லிமிட் அதே 3300ன்னா 7வது கேள்வி கணக்கை இன்னொரு தடவை படிங்க. 18 சதவீதம் ஜிஎஸ்டி தனிங்கறதையும் மறக்காதீங்க, விளம்பர ரேட்ல அது இருக்காது.

19. சொல்ற ஸ்பீடு வரவே இல்ல, யார்கிட்ட போய் முறையிடறது? டிராய்க்கு மெயில் போடவா?

டிராய் தனி ஆள் கம்ப்ளைன்ட்டை எடுத்துக்காது, அதுக்கு மெயில் போட்டு காத்திருக்காதீங்க. முதல்ல கம்பெனி கால் சென்டர், டாக்கெட் நம்பர் வாங்காம போனை வைக்கக் கூடாது, கேபிள்காரர்கிட்ட வாய்ல சொன்னது கணக்குல வராது. அங்க சரியாகலன்னா அதே கம்பெனில அப்பீல் அதாரிட்டின்னு ஒருத்தர் இருக்கணும், 30 நாளுக்குள்ள அப்பீல் போடலாம், அதுக்கு காசு இல்ல. 12ல எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டை எல்லாம் இங்க இணைங்க, லேன் ஒயர்ல எடுத்ததா இருக்கணும், வைஃபைல எடுத்ததை ஒரே வார்த்தைல தள்ளிடுவாங்க. டிராயோட 2006 தர விதிமுறைலயே சொன்ன ஸ்பீடுல 80 சதவீதத்துக்கு மேல ஆபரேட்டர் நோடு வரைக்கும் கிடைக்கணும்னு அளவு வெச்சிருந்தாங்க, 2024ல அதுக்கு பதிலா புது தர விதிமுறை வந்துடுச்சு, இப்போ இருக்கறதைப் பாத்து குறிப்பிட்டு எழுதினா எழுதறவருக்கு விஷயம் தெரியும்னு புரிஞ்சுக்குவாங்க.

அதுக்கும் அசையலன்னா டெலிகாம் துறையோட குறைதீர் போர்ட்டல், இல்லன்னா கன்ஸ்யூமர் கோர்ட். டெலிகாம் கேஸ் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு வராதுன்னு கம்பெனிங்க ரொம்ப நாள் வாதாடினாங்க, 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் தாராளமா போகலாம்னு சொல்லிடுச்சு. நடைமுறைல 500 ரூபா கனெக்ஷனுக்கு யாரும் அவ்ளோ தூரம் போறதில்ல, ஏரியால வேற ஆபரேட்டர் இருந்தா மாறிடறதுதான் வேகம். ஒரு வருஷம் மொத்தமா கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீன்னு சொல்லும்போது இதை யோசிச்சுக்கோங்க, முதல் தடவை மூணு மாசத்துக்கு மேல கட்டாதீங்க.

20. ரெண்டு கம்பெனி கனெக்ஷன் போட்டா ஸ்பீடும் லிமிட்டும் டபுள் ஆகுமா?

லிமிட் ஆகும், ஒவ்வொண்ணுக்கும் தனி அக்கவுண்ட், தனி கணக்கு. ஸ்பீடு நீங்க நெனைக்கற மாதிரி ஆகாது. ரெண்டு வேன் போர்ட் இருக்கற ரூட்டர்ல லோடு பேலன்ஸ் பண்ணினா ஒரு டவுன்லோட் ஒரு லைன்ல போகும், இன்னொண்ணு இன்னொரு லைன்ல போகும். ஒரே ஃபைல் 100+100ன்னு 200ல இறங்கணும்னா பல துண்டா பிரிச்சு இறக்கற டவுன்லோடர் வேணும். நெட் பேங்கிங் மாதிரி சில சைட் நடுவுல ஐபி மாறினா லாகவுட் பண்ணிடும், அதை மட்டும் ஒரே லைன்ல கட்டி வைங்க.

ரெண்டாவது கனெக்ஷனோட நிஜமான லாபம் ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்ங்கறதுதான். அதுக்கும் ரெண்டு ஒயரும் ஒரே போஸ்ட்ல வராம பாத்துக்கணும், நம்ம தெருவுல ரெண்டு கம்பெனிக்கும் ஒரே கேபிள்காரர் லைன் இழுத்திருப்பார், லாரி ஒண்ணு இடிச்சா ரெண்டும் சேந்தே அறுந்துடும். எந்த வழியா வருதுன்னு மாடிக்கு ஏறிப் பாத்துட்டு அப்புறம் காசு கட்டுங்க.